மிஸ் பிலோமினா விட்டுவிட்டு வருகிற ஊர்

கேமரன் மலையில் தானா ராத்தாவில் இருந்த அந்த கெஸ்ட் ஹவுஸில் கத்தரீன் அறை வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு கிறிஸ்மஸ் கூட அவள் வீட்டில் இருந்ததில்லை. கீழ் ஊர்க்காரர்கள் எல்லாம் குளிர் தேடி மலையேறி வருகிற வாரம் அது. ராத்திரிப் பூசை முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்தால், விடிந்ததும் பதினெட்டு அறைக்கும் சுடுதண்ணீர் கொண்டுபோக வேண்டும். வீட்டில் புருஷன் சிரிலும் மகள் டோரீனும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அவளுக்கு ஒரு பங்கை மூடி வைத்திருப்பார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் நவம்பர் மாதம் முதலாளியம்மா மிஸஸ் லிம் வேலைக்காரர்கள் எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கூரை மரங்களைச் செல் அரித்துவிட்டதாம். டிசம்பர் பூராவும் கதவைச் சாத்திவிட்டு ஓட்டைப் பிரிக்கப் போகிறார்களாம். சம்பளம் நிற்காது, ஆனால் யாரும் வேலைக்கு வரவேண்டாம். சமையல்காரர் மாடசாமி உச்சுக்கொட்டினார். கத்தரீன் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

வீடு இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அவள் நேரே தேயிலை ஃபேக்டரிக்கே போய்விட்டாள். சிரில் அங்கே ஃபிட்டர். கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லங்க. டிசம்பர் பூரா எனக்கு லீவு. உங்களுக்கும் லீவு கிடக்குதில்ல? கிறிஸ்மஸுக்கு நாமளும் எங்கயாவது போலாம்லா. டவுனுக்கு. பெரிய டவுனுக்கு."

"எந்த டவுனுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் அந்த வீட்டுக்கு மூன்று வாரம் ஆனது.

சிரிலுக்கு முதல் நாளே பதில் கிடைத்துவிட்டது. கோலாலம்பூர். அங்கே ஒரு கடையில் படிக்கட்டு தானாக ஓடுகிறது, ஆள் நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். அதில் ஏறுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அதற்கு அடியில் என்ன இருக்கிறது, சங்கிலியா பெல்ட்டா என்று பார்க்க வேண்டும். டோரீனுக்குப் பதினாலு வயது. அவள் சிங்கப்பூர் என்றாள். கிறிஸ்மஸுக்கு அங்கே ஒரு ரோடு முழுக்க விளக்குப் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீ எந்த ஊருன்னு சொல்லும்மா" என்று மகள் கேட்டபோது கத்தரீனால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு எல்லா ஊரையும் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஈப்போவுக்கு அந்தப் பக்கம் அவள் போனதில்லை. ஆனால் பதினோரு வருஷமாக ஊர் ஊராக மனிதர்கள் அவள் விரித்த படுக்கையில் தூங்கி எழுந்து போயிருக்கிறார்கள். வந்தவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதை அவள் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இங்கே வந்து எது இல்லை என்று தேடுகிறார்கள் என்பதைத்தான் கவனிப்பாள். கோலாலம்பூர்க்காரர்கள் ரெண்டாம் நாளே பேப்பர் வரவில்லையா என்று கேட்பார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு டாக்சி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். பினாங்குக்காரர்கள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் வைத்து அந்த ஊர்களை அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். கட்டினது சரியா தப்பா என்று பார்க்கத்தான் ஆசை.

கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு எல்லா ஊருக்கும் போகிற லோரி டிரைவர் சிங்காரத்தை வழியில் நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க போகாத ஊரு இல்ல. எது நல்லா இருக்கும்?"

சிங்காரம் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு நன்றாக யோசித்தார். "தங்கச்சி, நான் போறது பசாருக்குப் பின்பக்கம். மூணு மணிக்குப் போய் இறக்கிட்டு, விடியறதுக்குள்ள திரும்பிடுவேன். பின்பக்கம் எல்லா ஊரும் ஒண்ணுதாம்லா. ஈரம், கூடை, பூனை. சிங்கப்பூர்ல மட்டும் பூனை கொழுத்துப் போயிருக்கும்."

டோரீன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பூனையே கொழுத்த ஊர் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கத்தரீனும் அரை மனசாக அந்தப் பக்கம் சாய்ந்தாள். சிங்கப்பூருக்குப் போகச் சின்ன பாஸ்போர்ட் ஒன்று எடுக்க வேண்டும். அதை விசாரிக்க ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் டவுனுக்குப் போனார்கள். ஃபாரம் எழுதித் தருகிறவர் சிரிலின் அடையாளக் கார்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அது சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறது.

"அண்ணே, உங்களுக்கு நீல ஐ.சி. இல்லியா?"

"இல்ல."

"சிவப்புக்கு பாஸ்போர்ட் கிடைக்காதுண்ணே."

சிரில் இந்த மலையிலேயே பிறந்தவர். ஆனால் பிறந்ததற்குக் காகிதம் கிடையாது. தோட்டத்து லைன் வீடுகளில் பலருக்கும் அப்படித்தான். மனுப் போட்டுப் பல வருஷம் ஆயிற்று. தோட்டத்தில் இருக்கிறவரை அந்தச் சிவப்பு அவருக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு ஃபேக்டரியில வேலை கிடக்கு" என்றார் பஸ்ஸில்.

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெண்டு நாள் அந்த வீட்டில் ஊர்ப் பேச்சே எழவில்லை. மூன்றாம் நாள் சோறு சாப்பிடும்போது டோரீன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்பா, அந்த ஓடுற படிக்கட்டுல சேலை கட்டினவங்க எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டாள். சிரிலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எப்படி ஏற வேண்டும் என்று எழுந்து நின்றே காட்டினார். அவரும் அந்தப் படிக்கட்டைப் பார்த்ததில்லைதான்.

கோலாலம்பூர் என்றே முடிவாகியிருக்கும். நவம்பர் கடைசி வாரம் மிஸ் பிலோமினா வராமல் இருந்திருந்தால்.

மிஸ் பிலோமினா பினாங்குக்காரர். ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வருஷமாக டிசம்பர் இருபதாம் தேதி தவறாமல் தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பதினாலாம் நம்பர் அறை. பண்டிகை முடிந்து முப்பத்தொன்றாம் தேதிதான் இறங்குவார். இந்த வருஷம் மிஸஸ் லிம் கடிதம் போட்டுக் கதவடைப்பைச் சொல்லியிருந்தாள். கடிதம் கிடைத்ததும், வேறு இடம் பார்க்கலாம் என்று மிஸ் தானே புறப்பட்டு வந்துவிட்டார்.

காலையில் சுடுதண்ணீரோடு கத்தரீன் போனபோது மிஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"எல்லா இடமும் ஃபுல்லு, கத்தரீன். நேத்து பக்கத்து ஊரு பிரிஞ்சாங் வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன்."

"இந்த ஒரு வருஷம் பினாங்குலயே இருந்துடுங்களேன் மிஸ்."

"அது முடியாது."

சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது போல. குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு லீவாமே. நீ எங்க போற?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கோலாலம்பூர்ங்கறாரு. மக சிங்கப்பூர்னு நின்னா, அது முடியாமப் போச்சு."

"பினாங்குன்னு யாரும் சொல்லலையா?"

"இல்லீங்க மிஸ்."

மிஸ் பிலோமினா சிரித்தார். அவர் சிரித்துக் கத்தரீன் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒன்பது வருஷமாக உள்ளே கிடந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ். கடல் இருக்கு, கோயில் பக்கத்துலன்னு சொல்வீங்க, சொந்த வீடு இருக்கு. கிறிஸ்மஸுக்கு உலகமே அங்க போகுது. நீங்க மட்டும் சரியா அந்த வாரம் பார்த்து ஊரை விட்டுட்டு வர்றீங்களே, ஏன் மிஸ்?"

மிஸ் கண்ணாடியில் படிந்திருந்த பனியை விரலால் துடைத்து, எதிர் மலையைக் காட்டினார். அங்கே தேயிலைக்கு நடுவில் தோட்டத்து லைன் வீடுகள் ரெண்டு வரிசையாகத் தெரிந்தன.

"அதுல எது உன் வீடு?"

"மேல் வரிசையில கடைசி வீடு."

"காலையில அஞ்சு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துடும். அப்ப அங்க ஒரு வீட்டுல விளக்கு எரியும். அப்புறம் மூணு, நாலு, அப்புறம் எல்லாம். முதல்ல எழுந்திரிக்கறது யாரு, அவ்வளவு சீக்கிரமா எழுந்து என்ன பண்றாங்கன்னு வருஷா வருஷம் யோசிப்பேன். ஒரு தடவையாவது உன்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்கல."

சுடுதண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அந்த யோசனையை முதலில் வாய்விட்டுச் சொன்னது யார் என்பதில் பின்னால் ரெண்டு பேருக்குமே சந்தேகம். மிஸ்தான் என்று கத்தரீன் சொல்வாள். கத்தரீன் என்று மிஸ் சொல்வார். எப்படியோ, அந்த அறையை விட்டுக் கத்தரீன் வெளியே வரும்போது விஷயம் முடிவாகிவிட்டது. கிறிஸ்மஸுக்குக் கத்தரீன் குடும்பம் பினாங்கில் மிஸ்ஸின் வீட்டில் இருக்கும். மிஸ் பிலோமினா கத்தரீனின் லைன் வீட்டில் இருப்பார்.

"நம்ம வீட்லயா?" சிரில் எழுந்தே நின்றுவிட்டார். "கரப்பான் ஓடுதுடி. விறகு அடுப்பு. அந்தம்மா தலையணை கொண்டு வர்ற ஆளுன்னு சொல்லுவியே!"

"தலையணை இங்கயும் கொண்டு வருவாங்க. பினாங்குக்குப் போக ஃபெரின்னு ஒண்ணு இருக்காமே, கார் லோரி எல்லாம் ஏத்திக்கிட்டு தண்ணியில போகுமாம். அதுக்கு இஞ்சின் எவ்வளவு பெருசா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

சிரில் உட்கார்ந்தார். நெனச்சுப் பார்த்தார். டோரீன் கடலைப் பார்த்ததே இல்லை, அவளுக்கு ஆட்சேபணை கிடையாது. வெளி ஆள் தங்குவதைப் பற்றித் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியிடம் சொன்னபோது, "சொந்தக்காரங்கன்னு எழுதிக்கறேன், துரை ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றார். பக்கத்து வீட்டுத் தங்கம்மா, மிஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ஆக எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. கத்தரீனுக்கு இருந்த காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதில் கிடைக்காத கேள்வியோடு திரும்பி வந்து படுக்கை விரிக்க அவளுக்கு மனசில்லை.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு பஸ்ஸில் இறங்கி, ஈப்போவில் மாறி, பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. ஃபெரியில் ஏறியதும் சிரில் காணாமல் போனார். இஞ்சின் அறைக் கதவுக்கு வெளியே நின்று ஒரு மலாய்க்கார மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தவரைக் கரை வந்த பிறகுதான் பிடித்து இழுத்து வர முடிந்தது. டோரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். "இது எங்கம்மா முடியுது?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு பர்மா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மிஸ் கொடுத்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனதும் கத்தரீனுக்குக் கை தன்னால் தூசி தேடியது. தூசி இல்லை. பாத்திரங்கள் வரிசையாக, செருப்புகள் வரிசையாக, எல்லாம் ஒரு ஆளுக்கு வேண்டிய அளவுக்கு இருந்தது. நாற்காலிகளில் ஒன்றுக்கு மட்டும்தான் மெத்தை.

தெருப் பக்கத்து ஜன்னல் திறக்கவில்லை. தடித்த திரை போட்டு, பலகைக் கதவைச் சாத்தி, கொக்கி துருவேறி இறுகிப்போயிருந்தது. உள்ளே ஒரே புழுக்கம். மலைக் குளிரில் வாழ்ந்த மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. சிரில் தையல் மெஷின் எண்ணெயைத் தேடி எடுத்துக் கொக்கியில் விட்டு, அரை மணி நேரம் தட்டித் தட்டி அந்த ஜன்னலைத் திறந்துவிட்டார். எதிர் வீட்டு வாசலில் தொங்கிய பெரிய காகித நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரே உள்ளே வந்து விழுந்தது. அங்கே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஜன்னல் திறந்ததும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அடுத்த நாள் பூராவும் ஊர் சுற்றினார்கள். டோரீன் கடற்கரையில் இரண்டு மணி நேரம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சிரில் பினாங்கு மலை ரயிலில் போக வேண்டும் என்றார். மலையிலிருந்து இறங்கி வந்து இன்னொரு மலையில் ஏறுவார்களா என்று கத்தரீன் கேட்டாள். கம்பிவடம் பிடித்து இழுக்கிற ரயில் வேறு எங்கே இருக்கிறது என்றார் அவர். ஏறினார்கள். தெருவோரக் கடைகளில் சாப்பிட்டபோதுதான் பினாங்குக்காரர்கள் ஏன் தட்டை முகர்ந்தார்கள் என்று அவளுக்கு விளங்கியது. பாவம் மாடசாமி அண்ணன் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டு வைத்திருந்ததற்கும் பார்த்ததற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஊர் அவள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் உறுத்தியது.

இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கத்தரீன் திறந்தாள். அறுபது வயது மதிக்கத்தக்க பெரிய உடம்புக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் தலையில் தண்ணீர் வைத்து வாரின முடியுமாக, கையில் கேக் தட்டோடு நின்றார். வாயைத் திறந்து "ஃபிலோ" என்றவர், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பிலோமினா இல்லையா? ஜன்னல் திறந்திருக்குன்னு பிள்ளைங்க சொன்னாங்க. இந்த வருஷம் போகலன்னு நெனச்சேன்."

"நீங்க?"

"டொனால்ட். எதிர் வீடு. அவளோட அண்ணன்."

ஒன்பது வருஷத்தில் மிஸ் ஒரு முறை கூட அண்ணன் என்று ஒருவரைச் சொன்னதில்லை. பத்தடி அகலச் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

"உள்ள வாங்க. மிஸ் வழக்கமாத் தங்கற கெஸ்ட் ஹவுஸ்ல நான் வேலை செய்யறேன். இந்தத் தடவை மிஸ் எங்க வீட்ல இருக்காங்க. கேமரன் மலையில. தோட்டத்து லைன்ல."

"லைன்லயா?" சிரில் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். டொனால்ட் அந்த ஒற்றை மெத்தை நாற்காலியில் உட்காராமல் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"பத்து வருஷமாச்சு. அன்னைக்கும் கிறிஸ்மஸுக்கு முதல் நாளுதான். வீடு நிறைய ஆளு. என் சின்ன மகன் பட்டாசைக் கொளுத்தி நாய் மேல போட்டான். ஃபிலோ அவனைப் புடிச்சு ரெண்டு அடி வெச்சா. வெச்சது சரிதான். நான்தான், அத்தனை பேர் முன்னாடி, உனக்குப் புள்ளையா குட்டியா, உனக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டேன். அவ குறுக்க நடந்து இங்க வந்து கதவைச் சாத்திக்கிட்டா. அடுத்த வருஷம் வந்து பேசலாம்னு இருந்தேன். பெட்டியைத் தூக்கிட்டு மலைக்குக் கிளம்பிட்டா. அங்க அவளுக்கு ஒரு கூட்டமே இருக்கு, ஆட்டமும் பாட்டுமா இருப்பாங்கன்னு அவளே சந்துல உள்ளவங்ககிட்ட சொல்லியிருக்கா. சரி, சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்." நிமிர்ந்து கத்தரீனைப் பார்த்தார். "அங்க வேலை செய்யறேங்கறியே. நிறைய சிநேகிதங்களா அவளுக்கு?"

கத்தரீனின் கண் முன்னால் சாப்பாட்டு அறையின் மூலை மேசை வந்து நின்றது. கிறிஸ்மஸ் மத்தியானம், மற்ற மேசைகளில் எல்லாம் குடும்பம் குடும்பமாகச் சிரிப்பு. அந்த மூலையில் ஒரு தட்டு, ஒரு கிளாஸ். மிஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே புத்தகம் படிப்பார். பிறகு அறைக்குப் போய்விடுவார். சாயங்காலம் கத்தரீன் சுடுதண்ணீர் கொண்டு போகும்போது, காலையில் சுடுதண்ணீர் கொடுத்ததற்குப் பிறகு அவர் பேசுகிற அடுத்த ஆளும் பெரும்பாலும் அவளாகத்தான் இருக்கும்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அறைகளில் பார்த்ததை அறைக்கு வெளியே சொல்லக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். யாரும் சொல்லித் தரவில்லை.

"வேலை செய்யற இடத்துச் சமாச்சாரத்தை நான் வெளிய பேசறதில்லீங்க" என்றாள். "நீங்க நேர்ல பார்க்கணும்னா, வீட்டுக்கு வழி சொல்றேன்."

டொனால்ட் அவளை நெடுநேரம் பார்த்தார். அவள் சொல்லாததில் இருந்து எவ்வளவு புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், வேர்வையைத் துடைக்கிற மாதிரி.

"கார் இருக்கு. நீங்க எப்பத் திரும்பறீங்க?"

முப்பதாம் தேதி திரும்புவதாக இருந்தது. இருபத்தேழாம் தேதியே புறப்பட்டுவிட்டார்கள். கிறிஸ்மஸ் சாப்பாடு எதிர் வீட்டில்தான். பதினாறு பேர் இருந்த மேசையில் டோரீனுக்கு இடமில்லாமல் பேரப் பிள்ளைகள் அவளைத் தரையில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அவள் இன்னும் ரெண்டு நாள் இருக்கலாம் என்று அழாத குறையாகக் கேட்டாள். கத்தரீன் கேட்கவில்லை. தாப்பா தாண்டி ஏற்றத்தில் டொனால்டின் பழைய டாட்சன் கொதித்து நின்றது. சிரில் உற்சாகமாக இறங்கி, ஓடைத் தண்ணீரைத் தகரத்தில் பிடித்து ஊற்றி, எங்கேயோ ஒரு குழாயைத் துணியால் கட்டினார். அவருக்கு அந்தப் பயணத்தில் அதுவும் ஒரு நல்ல நேரம்.

லைனுக்குக் கார் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் தலை நீளும். கடைசி வீடு பூட்டியிருந்தது. மிஸ் பிலோமினா தங்கம்மா வீட்டு அடுப்படியிலிருந்து வந்தார். கத்தரீனின் காப்பிக் கலர் ஸ்வெட்டர், தலையில் கொழுந்துக்காரிகள் கட்டுகிற மாதிரி ஒரு துண்டு, முழங்கை வரை மாவு. விறகு அடுப்பு அவரை முதல் நாளே தோற்கடித்துவிட்டதாம். அன்றையிலிருந்து ஒரு வேளைக்கு ஒரு வீடு என்று சாப்பிட்டு வந்திருக்கிறார்.

"கத்தரீன், சீக்கிரம் வந்துட்டியே! முதல் விளக்கு தங்கம்மாதான், தெரியுமா உனக்கு? வீட்டுக்காரர் ஃபேக்டரி அடுப்பு மூட்ட அஞ்சரைக்குப் போவணுமாம். அதுக்கு..." என்று ஆரம்பித்தவர், காரின் மறுபக்கம் இறங்கியவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மழைக்கு முன்னால் வருகிற குளிர்காற்று அடித்தது. மெல்லிசு வெள்ளைச் சட்டையில் டொனால்ட் நடுங்கினார்.

"மலைக்கு வர்றவன் ஸ்வெட்டர் எடுத்துட்டு வர மாட்டானா?" என்றார் மிஸ்.

"அவசரத்துல மறந்துட்டேன்."

"என்ன அவசரம்?"

"ஃபிலோ, அன்னைக்கு நான் உன்னை..."

"இங்க வேணாம்." மிஸ் சுற்றிலும் பார்த்தார். அந்த வரிசையில் எட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். தங்கம்மா கரண்டியோடு நின்றாள். சிரில் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி டொனால்டிடம் கொடுத்தார். அது அவருக்குப் பாதி வயிறு வரைதான் வந்தது. அண்ணனும் தங்கையும் தேயிலைக்கு நடுவே ஃபேக்டரிப் பக்கம் இறங்குகிற பாதையில் நடந்து போனார்கள். திருப்பத்தில் நின்றார்கள். அவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். மிஸ் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பனி வந்து மறைத்துவிட்டது.

"என்னா பேசறாங்க கத்தரீனு?" தங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தெரியலக்கா." கத்தரீனுக்கும் பொறுக்கவில்லைதான். ஆனாலும் தங்கம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய் முறுக்குப் பிழிய உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். டொனால்டின் கண் சிவந்திருந்தது. மிஸ்ஸின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று டொனால்ட் கிராணி வீட்டில் படுத்தார். மறுநாள் காலையில் காரில் ஏறும்போது, "நீயும் வாயேன் ஃபிலோ" என்று கேட்டார். "முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்னு சொல்லித்தான் வந்தேன். பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றார் மிஸ். டொனால்ட் தனியாகத்தான் இறங்கிப் போனார். சிரிலின் கம்பளிச் சட்டையும் போய்விட்டது.

மிச்ச நாட்கள் மூன்றும் ரெண்டு அறை வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். மிஸ்ஸும் டோரீனும் ஒரு கட்டிலில் படுத்தார்கள். புறப்படுகிற அன்று பஸ் நிறுத்தத்தில் கத்தரீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணன் என்ன சொன்னாரு மிஸ்?"

"மன்னிப்புக் கேட்டான்."

"நீங்க?"

"யோசிக்கணும்னு சொன்னேன். பத்து வருஷமா கோபப்பட்டுக்கிட்டே இருந்தேன், யோசிக்கவே இல்ல." பஸ் வந்து நின்றது. தலையணையை முதலில் ஏற்றிவிட்டு மிஸ் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சதை அவன்கிட்ட சொல்லலியாமே. அந்த மூலை மேசையைப் பத்தி."

"சொல்லலீங்க."

மிஸ் பிலோமினா அவள் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அடுத்த வருஷம் கெஸ்ட் ஹவுஸ் புதுக் கூரையோடு டிசம்பரில் நிறைந்தது. பதினாலாம் நம்பர் அறையை மலாக்காவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி எடுத்தார்கள். மிஸ் வரவில்லை. கிறிஸ்மஸ் அட்டை மட்டும் வந்தது. அதில் மிஸ்ஸின் கையெழுத்துக்குக் கீழே பெரியதும் சின்னதுமாகப் பல பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டோரீன் ஒவ்வொன்றாகப் படித்து யார் யார் என்று சொன்னாள்.

அதற்கடுத்த ஏப்ரல் பள்ளி விடுமுறையில் மிஸ் டொனால்டின் ரெண்டு பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரின் தலையணையை வாங்கிக்கொண்டே, "பதினாலு காலியாத்தான் இருக்கு மிஸ். படுக்கை போடச் சொல்லட்டுங்களா?" என்றாள் கத்தரீன்.

"எதுக்கு?" என்றார் மிஸ். "தங்கம்மாவுக்கு லெட்டர் போட்டுட்டேன். கோழி அடிக்கிறாளாம்."